வாம்பயர் பித்து

கால்பந்துங்க! தோல்ல தைச்சு, காத்தடிச்சு, மைதானத்துல உதைக்கிற அதே கால்பந்து! அதுவும் ஒண்ணு இல்ல, மூணு! ஒரு விமானத்தோட வயித்துக்கு அடியில, சக்கரம் இருக்க வேண்டிய இடத்துல, பாதி உள்ளே பாதி வெளியேன்னு பிதுங்கிக்கிட்டு இருக்கு. மியூனிக் நகரத்து டாய்ச்சஸ் மியூசியத்துல அதை முதன்முதலா பார்த்தப்போ நான் போட்ட கூச்சல்ல, பக்கத்துல நின்ன ஒரு பாட்டி தன் பேரனைச் சட்டுனு இழுத்து அணைச்சுக்கிட்டாங்க. அணைச்சுக்கட்டும், எனக்கென்ன! நான் அப்பவே தரையில குந்தி உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி, அடிப்பக்கத்தை எட்டிப் பார்த்துக்கிட்டிருந்தேன். நூறு வருஷத்துக்கு முந்தின காலேஜ் பசங்க ஒரு போட்டிக்குப் போறதுக்காகக் கட்டின கிளைடர் அது. இரும்பு அச்சும் பெரிய சக்கரமும் வெச்சா காத்தைத் தடுக்குமே, என்ன செய்யலாம்னு யோசிச்சவங்களுக்குக் கால்பந்து தோணியிருக்கு பாருங்க, அந்த மூளைக்குக் கோயில் கட்டலாம்.

பேரு வாம்பயர். ரத்தம் குடிக்கிற பேயோட பேருதான், ஆனா இந்தப் பேய் குடிச்சது வெறும் காத்து. பிறந்த வருஷம் 1921, ஊரு ஜெர்மனியில ஹானோவர். ஒரு இறக்கை நுனியில இருந்து மறு நுனி வரைக்கும் 12.6 மீட்டர், வெறும் எடை சுமார் 120 கிலோ. என்ஜின் கிடையாது, ப்ரொப்பெல்லர் கிடையாது, பெட்ரோல் வாடையே கிடையாது. சரி, அழகான்னு கேட்டீங்கன்னா, உடம்பு கொஞ்சம் பெட்டி போலத்தான் இருக்கும், மூக்கு கொஞ்சம் மொட்டைதான். அதைப் பத்தி இதோட விட்டுடுவோம். அந்த இறக்கையைப் பார்த்தப்புறம் மூக்கு எவன் கண்ணுக்குத் தெரியுது?

இறக்கைக்கு வர்றதுக்கு முன்னால அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. முதல் உலகப் போர் முடிஞ்சு ஜெர்மனி தோத்துக் கிடக்கு. வெர்சாய் ஒப்பந்தம் வந்து, விமானம் கட்டுறதுக்கு ஏகப்பட்ட தடை. நேத்து வரைக்கும் வானத்துல சண்டை போட்ட பைலட்டுங்க எல்லாம் இன்னிக்கு வகுப்புல பெஞ்சுல உட்கார்ந்து நோட்டு எழுதிக்கிட்டிருக்காங்க, கை துறுதுறுங்குது, பறக்க வழி இல்ல. அப்போ ஃப்ராங்ஃபர்ட்டுல 'ஃப்ளூக்‌ஷ்போர்ட்'னு ஒரு விமானப் பத்திரிகை நடத்திக்கிட்டிருந்த ஆஸ்கர் உர்சினுஸ்ங்கிற எஞ்சினியர், என்ஜின் இருந்தாத்தானே தடை, என்ஜினே இல்லாம பறப்போம் வாங்கன்னு ஊரைக் கூட்டினாரு. கூட்டின இடம் வாஸ்ஸர்குப்பே. ரோன் மலைத்தொடர்ல 950 மீட்டர் உசரத்துல, மரமே இல்லாம, தலை மழிச்ச சாமியார் போல நிக்கிற ஒரு மொட்டை மலை. 1920 கோடையில முதல் போட்டி. பசங்க கூடாரம் போட்டுக் கிடந்தாங்க, மழையில நனைஞ்சாங்க. வீட்டுல தானே கட்டின கிளைடரைத் தூக்கிக்கிட்டு பீட்டர் ரீடல்னு ஒரு பையன் வந்தான், வயசு எவ்வளவு தெரியுமா, 14! பதினாலு வயசுல நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு நினைச்சா அழுகைதான் வருது.

விளையாட்டுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. அந்த முதல் வருஷமே ஓய்கன் ஃபான் லோஸ்ல்ங்கிற பைலட் விழுந்து இறந்துபோனாரு. அப்படியும் யாரும் கூடாரத்தைக் கழட்டல. ஆஹன் நகரத்துல இருந்து கறுப்புத் துணி போர்த்தின ஒரு கிளைடரோட வந்த வொல்ஃப்காங் கிளெம்பரர் ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல பறந்து ஜெயிச்சாரு. ரெண்டே நிமிஷம்! அன்னிக்கு அது பெரிய விஷயம். ஏன்னா என்ஜின் இல்லாம ரொம்ப நேரம் மேல நின்னவர்னு உலகத்துல ஒருத்தர் பேருதான் இருந்துச்சு, ரைட் சகோதரர்கள்ல இளையவர் ஆர்வில். 1911 அக்டோபர்ல அமெரிக்கக் கடற்கரை மணல்மேட்டு மேல 9 நிமிஷம் 45 விநாடி. அது பத்து வருஷமா அசையாம நின்னுச்சு. 1921 ஆகஸ்ட் கடைசியில அதே கிளெம்பரர் தன்னோட 'நீல எலி'யில 13 நிமிஷம் பறந்து அதை உடைச்சாரு. அடுத்த சில நாள்லயே யாரு வந்தா? நம்ம ஆளு! ஹானோவர் பசங்க புத்தம் புதுசா கொண்டுவந்த வாம்பயர்ல ஆர்தர் மார்ட்டன்ஸ் ஏறி உட்கார்ந்து 15 நிமிஷத்துக்கு மேல பறந்துட்டு, தூரத்துல ஒரு வயல்ல கால்பந்து உருள இறங்கினாரு.

இப்போ இறக்கை. பொறுமையா கேளுங்க, இதைச் சொல்லும்போது எனக்கு மூச்சு வாங்கும். அதுவரைக்கும் வந்த கிளைடர்ல ஏகப்பட்டது எப்படி இருந்துச்சுன்னா, எடை குறைஞ்சா போதும்ங்கிற ஒரே எண்ணம், நாலு குச்சி, துணி, மேல ஒரு அடுக்கு கீழே ஒரு அடுக்கு, நடுவுல கம்பி, கம்பிக்கு மேல கம்பி, காத்து உள்ளே புகுந்து விசிலடிக்கும். பைலட் அதுக்கு நடுவுல தொங்குவான். ஹானோவர் பசங்களுக்கு வழிகாட்டின கியோர்க் மாடலுங் வேற மாதிரி யோசிச்சாரு. எடை கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டும்யா, காத்துக்குத் தடை இருக்கக் கூடாது. கம்பியே வேண்டாம். முட்டுக்கட்டை வேண்டாம். நீளமா, ஒல்லியா, ஒத்தை அடுக்கு இறக்கை, உடம்புக்கு மேல நேரா உட்காரணும், தன் பலத்துல தானே நிக்கணும். சொல்றது சுலபம்! அவ்வளவு நீளமா ஒல்லியா ஒரு இறக்கையை விட்டா என்ன ஆகும்? மேலயும் கீழயும் வளையுறது இருக்கட்டும், அதுக்கு உள்ளே ஒரு பலமான மரத்தண்டு ஓட்டிடலாம். ஆனா முறுக்கிக்குமே! காத்து அடிக்க அடிக்க நுனி திருகும், திருகினா அவ்வளவுதான் கதை. அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வைத்தியம் இருக்கே, அடடா, அடடா! ஒரே ஒரு தண்டு. அந்தத் தண்டுல இருந்து இறக்கையோட முன் விளிம்பு வரைக்கும், மேல கீழ ரெண்டு பக்கமும், மெல்லிசான ப்ளைவுட்டை வளைச்சு ஒட்டி மூடிட்டாங்க. ஒரு பேப்பரை விரிச்சுப் பிடிச்சு முறுக்கிப் பாருங்க, சுலபமா முறுகும். அதையே குழலா சுருட்டி ஒட்டிட்டு முறுக்கிப் பாருங்க, மல்லுக்கு நிக்கும். அதே கதைதான். முன்பாதி மூடின குழல், அது முறுக்கத்தைத் தாங்கும். பின்பாதிக்கு வேலையே இல்ல, அதனால அங்கே வெறும் விலா எலும்பும் துணியும் போதும். பலம் வேண்டிய இடத்துல பலம், வேண்டாத இடத்துல வெறும் துணி! மியூசியத்துல நான் கிட்டப் போய்க் கண்ணை ஒட்ட வெச்சுப் பார்த்தேன். முன்பக்கம் வழவழன்னு மரம், ஒரு இடத்துல கோடு கிழிச்ச மாதிரி மரம் முடிஞ்சு துணி தொடங்குது, அங்கிருந்து ஒவ்வொரு விலாவும் துணிக்கு அடியில லேசாப் புடைச்சுக்கிட்டுப் பின்னால ஓடுது. அந்தக் கோட்டைத் தொடணும்னு விரல் நமநமன்னுச்சு. கையைப் பின்னால கட்டிக்கிட்டேன், எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல.

இன்னொண்ணு சொல்லியாகணும். இதைக் கட்டினது ஏதோ கொட்டகையில இல்ல, ரயில் பெட்டி கட்டுற தொழிற்சாலையில! ஹானோவர் வாகன் ஃபாப்ரிக், சுருக்கமா ஹாவா. போர்க்காலத்துல விமானமும் கட்டிப் பழகின கைங்க அங்கே இருந்துச்சு. மாடலுங் கணக்கு, மாணவன் வெறி, தச்சன் கை, மூணும் ஒரே கூரைக்கு அடியில. இறக்கையை மூணு துண்டா கழட்டி மாட்டுற மாதிரி செஞ்சிருக்காங்க, மலைக்கு வண்டியில ஏத்திக்கிட்டுப் போகணுமே!

சரி, இப்போ கண்ணை மூடிக்குங்க. 1922 ஆகஸ்ட் 18. நம்மூர்ல ஆடி முடிஞ்சு ஆவணி பிறந்திருக்கும். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு நாம சொல்றோம், இங்கே ஒரு மலைச்சரிவே காத்தைத் தூக்கி மேல எறிஞ்சுக்கிட்டிருக்கு. மேற்கே இருந்து வர்ற காத்து சமவெளி முழுக்கத் தடையில்லாம ஓடிவந்து வாஸ்ஸர்குப்பேவோட மேற்குச் சரிவுல முட்டுது, போக வழியில்லாம சரிவோடயே மேல ஏறுது. கிளைடர் எப்பவுமே இறங்கிக்கிட்டேதான் இருக்கும், அது விதி. ஆனா அது இறங்குற வேகத்தைவிடக் காத்து ஏறுற வேகம் கூடுதலா இருந்துட்டா? இறங்கிக்கிட்டே ஏறலாம்! தத்துவம் எல்லாருக்கும் தெரியும், ரொம்ப நேரம் செஞ்சு காட்டத்தான் ஆள் இல்ல. ஜெர்மன் தொழிலதிபர்கள் பெரிய பரிசு வெச்சிருக்காங்க. 40 நிமிஷம் மேலேயே நிக்கணும், அப்புறம் புறப்பட்ட இடத்துக்கு மேல வந்து, அங்கிருந்து 5 கிலோமீட்டராவது போய் இறங்கணும். நாப்பது நிமிஷமா, விளையாடுறீங்களா? மார்ட்டன்ஸ் உட்கார்றாரு. மூக்குல கொக்கி, கொக்கியில தடிமனான ரப்பர் கயிறு, அந்தக் கயிறு ரெண்டா பிரிஞ்சு சரிவுல இறங்குது, ஒவ்வொரு முனையிலயும் பசங்க. இழு! இழுக்குறாங்க. ஓடு! தடதடன்னு சரிவுல ஓடுறாங்க, ரப்பர் நீளுது நீளுது நீளுது. விடு! பின்னால வாலைப் பிடிச்சிருந்தவன் கையை எடுக்கிறான், கால்பந்து புல்லுல ஒரு துள்ளல் துள்ளுது, அவ்வளவுதான், வாம்பயர் காத்துல! நேராப் போகல, திரும்புது, சரிவை ஒட்டியே வடக்கே போகுது, மறுபடி திரும்பித் தெற்கே வருது, எட்டு போட்டுக்கிட்டே, எப்பவும் காத்து பக்கம் முகத்தைக் காட்டியே திரும்புது. அஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம், ஆர்வில் காலி. கால் மணி தாண்டியாச்சு, போன வருஷத்து மார்ட்டன்ஸும் காலி. அரை மணி. கீழே எல்லாரும் கழுத்து வலிக்கப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க, கடிகாரத்தையும் வானத்தையும் மாத்தி மாத்திப் பார்க்குறாங்க, சத்தம் என்ன சத்தம், இறக்கை காத்தைக் கிழிக்கிற ஸ்ஸ்ஸுங்கிறதைத் தவிர ஒண்ணும் இல்ல. நாப்பது! பரிசுக்கான நேரம் தாண்டியாச்சு, இறங்கலாம்ல? இறங்கல! அம்பது. அறுபது! ஒரு மணி நேரம்ங்க! மனுஷன் ஒருத்தன் மரத்துலயும் துணியிலயும் உட்கார்ந்து, ஒரு சொட்டு எண்ணெய் எரிக்காம, ஒரு மணி நேரம் பருந்தாட்டம் மலைக்கு மேல நின்னிருக்கான்! மொத்தம் 1 மணி 6 நிமிஷம். அந்த ஆறு நிமிஷம் எதுக்குங்கிறீங்க? எனக்காகத்தான், சத்தியமா எனக்காகத்தான், நூறு வருஷம் கழிச்சு ஒரு கிறுக்கன் இதைச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போவான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு!

மறுநாளே இன்னொரு ஹானோவர் மாணவர், ஃப்ரீட்ரிஷ் ஹென்ட்ஸன், அதே வாம்பயரை எடுத்துக்கிட்டுப் போய் ரெண்டு மணி நேரம் நின்னாரு. அதே மாசம் 24ஆம் தேதி மூணு மணி நேரத்துக்கும் மேல! ஒரு வாரத்துக்குள்ள நிமிஷக் கணக்கு மணிக் கணக்கா மாறிடுச்சு. ஃபோக்கர் விமானம்னு உலகமே பேசின ஆண்டனி ஃபோக்கர் தானே ஒரு கிளைடரோட அந்தப் போட்டிக்கு வந்து, இன்னொரு ஆளையும் ஏத்திக்கிட்டுப் பறந்து காட்டினாரு. இங்கிலீஷ்காரங்களுக்கு மட்டும் சும்மா இருக்க முடியுமா, டெய்லி மெயில் பத்திரிகை 1,000 பவுண்டு பரிசு அறிவிச்சு, அக்டோபர்ல சஸ்ஸெக்ஸ் பக்கம் இட்ஃபர்ட் குன்றுல போட்டி வெச்சுது. அங்கே மனேரோல்ங்கிற ஃபிரெஞ்சு பைலட் முன்னால ஒரு இறக்கை பின்னால ஒரு இறக்கைன்னு ஒரு விசித்திர கிளைடர்ல ஹென்ட்ஸனைவிடக் கொஞ்ச நிமிஷம் கூடுதலா பறந்துட்டாரு. ஆக வாம்பயரோட சாதனை ரெண்டு மாசம்தான் நின்னுச்சு. நின்னா என்ன! சாதனை போகும் வரும். அந்த ஃபிரெஞ்சு கிளைடரை அப்புறம் யாரு காப்பி அடிச்சாங்க? வாம்பயரோட இறக்கையை எல்லாரும் அடிச்சாங்க! ஒத்தைத் தண்டு, முன்பக்கம் ப்ளைவுட் குழல், பின்பக்கம் துணி, அடுத்த முப்பது வருஷத்துக்கும் மேல மர கிளைடர் கட்டினவங்க பெரும்பாலும் இதே வழியிலதான் போனாங்க. அதுக்கப்புறம் கண்ணாடி இழை வந்துச்சு, கார்பன் வந்துச்சு, ஆனா நீளமா ஒல்லியா கம்பியில்லாத ஒத்தை இறக்கை, அதுக்குக் கீழே ஒரு மெலிஞ்ச உடம்பு, அந்த உருவத்தைப் பார்த்தா எனக்கு வாம்பயரோட பேரப்பிள்ளைங்கன்னுதான் தோணும். உடனே ஒரு ஓரமா நின்னு பெருமைப்பட்டுக்குவேன், நான்தான் கட்டின மாதிரி.

மியூசியத்துல பார்த்துட்டு வந்தவனுக்கு உட்கார இருப்புக் கொள்ளுமா? வாஸ்ஸர்குப்பேவுக்கே போயிட்டேன். ஃபுல்டா ஆறு பிறக்கிற மலை அது, ஊற்றைப் பார்க்கணும்னு வீட்டுல எல்லாரும் சொன்னாங்க, ஊற்றாவது ஒண்ணாவது, நான் நேரா கிளைடர் நிக்கிற புல்வெளிக்கு ஓடினேன். உச்சியில பனிப்போர் காலத்து ரேடார் கூண்டு, வெள்ளையா, உருண்டையா. மேற்குச் சரிவுல போர்ல இறந்த விமானிகளுக்கான நினைவுச் சின்னம், பாறைக்கு மேல கழுகு. மலை அடிவாரத்துல பாப்பன்ஹவுசன் கிராமம், இன்னிக்கும் கிளைடர் கட்டுற அலெக்ஸாண்டர் ஷ்லைஷர் தொழிற்சாலை அங்கேதான். அந்தத் தொழிற்சாலையில கட்டின ஏஎஸ்கே 21ல, அதாவது ரெண்டு பேர் உட்கார்ற பயிற்சிக் கிளைடர்ல, என்னை முன் சீட்டுல உட்கார வெச்சு பெல்ட்டை இறுக்கினாங்க. பின்னால பைலட், தாடி நரைச்ச பெரியவர். "மேற்குச் சரிவுக்குப் போவீங்களா?"ன்னு கேட்டேன். "காத்து விட்டா போகலாம், நீங்க முதல்ல அந்தச் சிவப்புக் கைப்பிடியைத் தொடாம உட்காருங்க"ன்னாரு.

வின்ச் கயிறு இறுகுச்சு பாருங்க! ரப்பர் கயிறு காலம் போய் இப்போ தூரத்துல ஒரு எந்திரம் கயிறைச் சுருட்டி இழுக்குது. முதுகு சீட்டோட ஒட்டிடுச்சு, கண்ணு முன்னால புல்லு, அடுத்த நொடி புல்லைக் காணோம், வானம் மட்டும்தான், ராக்கெட்டு கணக்கா மல்லாந்து ஏறுறோம், வயிறு கீழேயே தங்கிடுச்சு. டக்! கயிறு கழண்டுச்சு. மூக்கு சமமாச்சு. அப்புறம் அந்த நிசப்தம், இல்ல, சத்தமே இல்லாம இல்ல, கண்ணாடி மூடிக்கு வெளியே ஸ்ஸ்ஸுன்னு காத்து வழியுற சத்தம், மார்ட்டன்ஸ் கேட்ட அதே சத்தம்! கழுகுச் சின்னம் இடது இறக்கைக்கு அடியில நழுவுது. சரிவுக்கு வந்தோம். எனக்கு முன்னால, ஏறுறோமா இறங்குறோமான்னு காட்டுற வேரியோமீட்டர் முள், நடுவுல நின்னது மெல்ல மேல நகருது, நகருது, சீட்டு அடியில இருந்து யாரோ உள்ளங்கையால ஏந்துற மாதிரி ஒரு தள்ளல். ஏறுறோம்! என்ஜின் இல்லாம, அதே சரிவுல, அதே மேற்குக் காத்துல! பெரியவர் சரிவோட ஓரமாவே போய், வெளிப்பக்கமா திரும்பி, மறுபடி ஓரமாவே வந்தாரு. எட்டு போடுறாருடா! நான் கத்தினேன், தமிழ்ல கத்தினேன், என்ன கத்தினேன்னு எனக்கே தெரியாது, மார்ட்டன்ஸ் பேரு வந்துச்சு, கால்பந்துன்னு வந்துச்சு, ஐயோ அம்மான்னும் வந்துச்சு. பின் சீட்டுல இருந்து "உடம்பு சரியில்லையா, இறங்கிடலாமா?"ன்னு ஒரு பதட்டக் குரல். இறங்குறதாவது! சந்தோஷம்ங்க, வெறும் சந்தோஷம், இன்னும் ஒரு எட்டு போடுங்கன்னு கெஞ்சினேன். போட்டாரு. இன்னும் ஒண்ணும் போட்டாரு, மகராசன்.

இறங்கினதும் அவரை விடல. வாம்பயர் தெரியுமான்னு கேட்டேன், தெரியுமாவா, அவரு பங்குக்கு இறக்கையோட முன் விளிம்பைக் காத்துல கையால வரைஞ்சு காட்ட ஆரம்பிச்சுட்டாரு. ரெண்டு பேரும் புல்வெளியில நின்னு கையை ஆட்டி ஆட்டிப் பேசுறதைப் பார்த்து அடுத்து ஏற வேண்டிய அம்மா இருமினாங்க. மறுபடி ஒரு தடவை கூட்டிப்போக முடியுமான்னு கேட்டேன். வேலியோரமா நின்ன வரிசையைக் காட்டினாரு. என் வீட்டுக்காரி ஃபுல்டா ஊற்றுக்குப் போற பாதையில இருந்து கையசைச்சுக் கூப்பிட்டா, நானும் கையசைச்சுட்டு வரிசையோட கடைசியில போய் நின்னுக்கிட்டு, எனக்கு முன்னால இருந்த பையன்கிட்ட ஆரம்பிச்சேன்: தம்பி, உனக்குக் கால்பந்து ஆடத் தெரியுமா?